எட்டாவது கை

கமா என்று கூப்பிட்டால்தான் அந்த அச்சகத்தில் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா கிடந்தது. எப்போதோ ஒரு சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு கமாவுக்காக மூன்று மணி நேரம் இயந்திரத்தை ஓடவிடாமல் நிறுத்தி வைத்தார். அன்று மிஷின் அண்ணன் கடுப்பில் வைத்த பெயர் இது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அந்தக் கதையை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

வயது ஐம்பத்திரண்டு. வேலை, மெய்ப்பு பார்ப்பது. அச்சேறுவதற்கு முன்னால் தாளில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடித்துக் குறி போடுவது. அங்கே அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் ஆசிரியர் எழுதிக் கொடுத்த பிரதியை வாய்விட்டுப் படிப்பார். எதிரில் இருப்பவர் அச்சுத் தாளில் வரிவரியாகப் பென்சிலை ஓட்டிக்கொண்டு வருவார். படிக்கிறவர் கமா வந்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார், முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு, புதுப் பத்திக்கு ஒரு ‘ம்’. நம்மவருக்குப் படித்தவர் வாசிப்பக்கா. அவரைவிட மூன்று வயது மூத்தவர். பதினேழு வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல், கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசைமேல் கிணுகிணுக்கும் அதே கண்ணாடி டம்ளர்.

கமாவின் கண்ணும் அக்காவின் வாயும் சேர்ந்தால் ஒரு பிழையும் தப்பாது என்று அச்சகத்தில் பேச்சு. அதில் பாதி வேலை வாய் செய்வது என்பதைக் கமா அடிக்கடி மறந்துவிடுவார். பார்த்து முடித்த தாளின் மூலையில் கையெழுத்துப் போடுவது அவர் ஒருவர்தான். அக்காவும் போடலாமே என்று பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை. அக்காவும் கேட்டதில்லை.

அக்காவிடம் அவருக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. முதலாளியிலிருந்து வாசலில் உட்காருகிறவர் வரைக்கும் எல்லாரும் அக்காவுக்கு சார்தான். கமா மட்டும் தம்பி. “தம்பி, கண்ணாடியத் தொடச்சுக்குங்க, ஆரம்பிக்கலாம்” என்றால்தான் அந்த அறையில் பொழுது விடிந்ததாக அர்த்தம். கமா ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர். வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லைத் தன் பேருக்குப் பட்டா போட்டு வைத்திருந்தார்.

அவர் கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது பச்சைப் பென்சில் பிடித்த கை. பிழை கண்ட இடத்தில் வால் முளைத்த புள்ளி மாதிரி ஒரு குட்டிக் குறி போடும். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் அந்தக் கை அவரைக் கேட்பதையே விட்டுவிட்டது. மருந்துச் சீட்டு, பேருந்துச் சீட்டு, உறவினர் அனுப்பிய கல்யாண அழைப்பிதழ், எல்லாவற்றிலும் அந்தப் பச்சை வால் இருக்கும். போட்டது அவருக்கே நினைவிருக்காது. ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி, பல் டாக்டர் கொடுத்த சீட்டில் அதைப் பார்த்துவிட்டு, கல்லறையில் உங்கள் பேரைத் தப்பாக வெட்டினால் எழுந்து வந்து குறி போட்டுவிட்டுத்தான் மறுபடி படுப்பீர்கள் என்று சிரித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அகராதி வந்து சேர்ந்தான்.

மூடிப்போன இன்னொரு அச்சகத்திலிருந்து முதலாளி அழைத்து வந்த ஆள். முப்பத்து மூன்று வயது. எதைக் கேட்டாலும் பார்த்துச் சொல்கிறேன் என்று தடித்த அகராதியைப் புரட்டுவான். அதனால் இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பையன். அதுதான் கமாவுக்குப் பெரிய குறையாக இருந்தது. நேரத்துக்கு வந்தான், மரியாதையாகப் பேசினான், தப்பைச் சுட்டிக்காட்டினால் நன்றி சொன்னான். திட்டுவதற்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

முதலாளி இருவரையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒரு மேசை போதும். மாதக் கடைசி வரை அக்கா இருவருக்கும் படிக்கட்டும். செவ்வாயும் வியாழனும் புதியவனுக்கு, மற்ற நாள் கமாவுக்கு. அதன்பிறகு ஒருவர் மேலே அக்காவோடு இருப்பார். மற்றவர் கீழே லேபிள் பிரிவுக்குப் போக வேண்டும். லேபிள் பிரிவு என்பது சோப்பு உறையும் மருந்துப் பெட்டியும் அச்சடிக்கும் இடம். அங்கே படிக்க ஆள் கிடையாது. மருந்தின் பெயரை மௌனமாகப் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் செவ்வாய்க்கிழமை கமா சும்மா எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி அந்த அறைக்குள் நான்கு முறை போனார். முதல் முறை போனபோது அகராதி தரையில் மண்டியிட்டு அக்காவின் நாற்காலிக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். நாற்காலி ஆடுகிறதாம். பதினேழு வருஷமாக எதிரில் உட்கார்ந்திருந்த கமாவுக்கு அது ஆடும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை போனபோது மேசையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. நாளெல்லாம் படிக்கிறவர்களுக்குத் தொண்டை காயுமே என்று வெந்நீர் கொண்டு வந்திருக்கிறான். மூன்றாம் முறை இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் முறை அக்கா சொன்னது காதில் விழுந்தது.

“அந்த வரிய மறுபடி படிக்கட்டுமா தம்பி?”

கமா பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். கேள்வி தன்னிடம் இல்லை என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. வயிறு எரிந்தது. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. வயிறு நிஜமாகவே எரிந்தது, மதியம் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ தன் சட்டையைத் தனக்கு எதிரிலேயே மாட்டிக்கொண்டு, அளவும் சரியாக இருக்கிறது என்று கண்ணாடி பார்ப்பதைப் போல இருந்தது அவருக்கு.

இந்த எரிச்சலுக்கு வடிகாலாக வந்து மாட்டியது ஆக்டோபஸ்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடல் புத்தகம் அது. முழுக்க ஆக்டோபஸ் பற்றியது. தலைப்பிலேயே அந்தச் சொல் பன்மையில் வந்தது. ஆசிரியை ஆக்டோபஸஸ் என்று எழுதியிருந்தார். முதல் மெய்ப்பில் கமா அத்தனையையும் அடித்து ஆக்டோபை என்று ஆக்கியிருந்தார். அறைச் சுவரில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய பட்டியல் ஒன்று உண்டு. வெளிமொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களின் பன்மைகள், மொத்தம் இருபத்து மூன்று. ஃபங்கஸ் என்றால் ஃபங்கை. ரேடியஸ் என்றால் ரேடியை. ஒன்பதாவதாக ஆக்டோபஸ், ஆக்டோபை. இரண்டாம் மெய்ப்பு அகராதியிடம் போனது. அவன் அத்தனையையும் மறுபடி ஆக்டோபஸஸ் ஆக்கிவிட்டு, கமாவிடம் வந்து பணிவாகச் சொன்னான்.

மற்றதெல்லாம் லத்தீன், அதனால் அந்த வால் பொருந்தும். இது கிரேக்கச் சொல், பஸ் என்பது கால், இதற்கு லத்தீன் வால் ஒட்டாது என்றான். கிரேக்க முறைப்படிதான் வேண்டும் என்றால் ஆக்டோபோடிஸ் என்று போட வேண்டும், குழந்தைகள் பயந்துவிடும். சாதாரணமாக ஆக்டோபஸஸ் என்றே விட்டுவிடலாம் என்றான். கமா விடுவாரா? படித்தவர்கள் எல்லாரும் காலகாலமாக ஆக்டோபை என்றுதான் சொல்கிறார்கள், உன் அகராதியிலேயே அது இருக்கிறதே என்று மடக்கினார். இருக்கிறது, ஆனால் எது முதலில் இருக்கிறது என்று பாருங்கள் என்று அவன் பக்கத்தைத் திறந்து நீட்டினான். கமா பார்க்கவில்லை. கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.

மூன்று நாள் அச்சகமே இரண்டாகப் பிரிந்து நின்றது. பைண்டிங் பிரிவுப் பெண்கள் ஆக்டோபை பக்கம். கேட்பதற்கு அழகாக இருக்கிறதாம். காகிதக் கிடங்குக்காரர் தேநீர் பந்தயம் கட்டிவிட்டு, யாரோடு கட்டினோம் என்பதை மறந்துவிட்டார். மிஷின் அண்ணன் மட்டும் இரண்டு பேரையும் பார்த்து, நம் பேச்சில் ஒரு ‘கள்’ ஒட்டினால் எந்தப் பிராணியும் ரெண்டாகிவிடும், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தலையில் அடித்துக்கொண்டார். கமா தூங்கும்போதும் முனகினார். கடைசியில், தோற்கவே முடியாத இடம் என்று நம்பி அக்காவிடம் போனார்.

“நீங்க சொல்லுங்கக்கா. நாம எத்தனை வருஷமா ஆக்டோபைன்னு படிக்கிறோம்?”

அக்கா பிரதியிலிருந்து தலையைத் தூக்கினார். “எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான் தம்பி. ஆனா அந்தத் தம்பி சொல்றது நியாயமாத்தான் படுது.”

ஒரே வாக்கியத்தில் இரண்டு தம்பி. கமாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி பொறுமை இழந்து ஆசிரியைக்கே தொலைபேசியில் பேசினார். நான் எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் என்று அந்தம்மா சொல்லிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. அகராதி ஜெயித்த முகம் காட்டியிருந்தால் கமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ சுவரில் இருந்த பட்டியலைக் கிழிக்காமல், ஒன்பதாவது வரிக்கு மேல் ஒரு சின்னத் தாளை ஒட்டி அழகாகத் திருத்தி வைத்தான். மீதி இருபத்திரண்டும் அருமையாக இருக்கிறது சார் என்றான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் அன்று இரவு முழுவதும் கமா ஆக்டோபஸ் புராணமே பாடினார். மனைவி தலையணை உறைகளை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்களுக்கு அந்த வார்த்தை மேல கோபமா, இல்ல அந்தக்கா அவனையும் தம்பின்னு கூப்பிடுறாங்கன்னு கோபமா?”

கமா தட்டை எடுத்துக்கொண்டு போய் அலம்பினார். சாப்பிடாத தட்டு அது.

திங்கட்கிழமை அட்டைத் தாள் வந்தது. புத்தகத்தின் மேலட்டைக்கான மாதிரி அச்சு. நீலக் கடல், நடுவே இரண்டு ஆக்டோபஸ் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு, தோற்றுப்போன பன்மையில். கீழே சின்ன எழுத்தில், எட்டுக் கைகளின் கதை என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் ஒரு வரி. அட்டை அகராதியின் பொறுப்பு. அவன் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, மூத்தவர் என்ற முறையில் ஒரு பார்வை பாருங்கள் என்று கமாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

கமா அந்தத் தலைப்பை விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எழுத்து எழுத்தாகத் தேடினார். ஒரு பிழை கிடைக்காதா என்று கிடந்து தவித்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கண் படத்துக்கு இறங்கியது. இடதுபக்க ஆக்டோபஸ், ஒன்று, இரண்டு, மூன்று… எட்டு. வலதுபக்க ஆக்டோபஸ். எண்ணினார். மறுபடி எண்ணினார். ஏழு.

மூன்று நாளாக ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்கியதில், அந்த அச்சகத்தில் யாருமே பிராணியின் கையை எண்ணவில்லை. எட்டுக் கைகளின் கதை என்று எழுதிய வரிக்கு நேர் மேலே ஏழு கையோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கமா தாளைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிழை கண்ட சந்தோஷம் முதலில். அது தொழில் பழக்கம். அதற்குப் பின்னாலேயே இன்னொரு சந்தோஷம் வந்தது. அதற்குத் தொழிலோடு சம்பந்தம் இல்லை.

தாளின் மூலையில் ஒரே ஒரு கையெழுத்து. அகராதியுடையது. நாளை காலை அட்டை இயந்திரத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கில் அடித்த பிறகு யாராவது எண்ணிப் பார்ப்பார்கள். கிரேக்கம் தெரிந்தவனுக்கு எட்டு வரை எண்ணத் தெரியவில்லையா என்று முதலாளி கேட்பார். புதன்கிழமை மாதக் கடைசி. கமா எதையும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக, கண்ட பிழையைக் காணாதவர் மாதிரி, பார்த்து முடித்த தாள்களுக்கான கூடையில் அதை வைத்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டை முணுமுணுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை தேநீர் நேரத்தில் அக்காவின் முகம் வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. தலைக்குப் புதிதாக எண்ணெய் வைத்திருந்தார். என்ன விசேஷம் என்று கமா பேச்சுக்குக் கேட்டார்.

“இன்னிக்கு என் கையெழுத்து மிஷினுக்குப் போயிருக்கு தம்பி. இத்தனை வருஷத்துல முதல் தடவை.”

அகராதியின் பழைய அச்சகத்தில் படித்தவர், பார்த்தவர் இருவருமே கையெழுத்துப் போடுவார்களாம். நேற்று சாயங்காலம் அட்டைத் தாளைக் கீழே எடுத்துப் போகும் வழியில் அக்காவிடம் நீட்டி, நீங்களும் போடுங்கள் அக்கா என்றானாம். அக்காவுக்கு முதலில் கை வரவில்லையாம்.

“நீங்களே பாத்து அனுப்பிட்டீங்கன்னு சொன்னான். அப்புறம் நான் என்னத்தப் பாக்க? கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன்.”

கமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளரை வைத்தாரா, கீழே போட்டாரா என்று தெரியாது. இரண்டு மாடிப் படிகளை அந்த வயதில் அவர் அப்படி இறங்கி யாரும் பார்த்ததில்லை. இயந்திர அறையில் ஆயிரத்து இருநூறு அட்டைகள் அடித்து அடுக்கியிருந்தார்கள். ஆயிரத்து இருநூறு ஆக்டோபஸ்கள் ஏழு கையோடு அவரைப் பார்த்தன.

“நிறுத்துங்க. கை குறையுது, நிறுத்துங்க.”

மிஷின் அண்ணன் யாருக்கோ கை போய்விட்டது என்று பயந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார். இயந்திரம் நின்றது. முதலாளி வந்தார். எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் எண்ணினார்கள். யார் கண்டுபிடித்தது என்று முதலாளி கேட்டார்.

கமா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது பார்த்து அகராதி மூச்சிரைக்க வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான். அக்கா பயத்தில் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் கமாவின் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“இப்பத்தான் சார் கண்ணுல பட்டுது.”

முதலாளி அவர் தோளைத் தட்டினார். இருபத்தாறு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா என்றார். அகராதியைப் பார்த்து, கிரேக்கம் லத்தீன் எல்லாம் இருக்கட்டும், முதலில் எண்ணக் கற்றுக்கொள் என்றார். நாளைக்கே லேபிளுக்குப் போகச் சொன்னார். மேலே இருக்கும் மேசை கமாவுக்குத்தான் என்றார். கமா நினைத்தது ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது. அதோடு முதலாளி நிறுத்தியிருந்தால் தேவலை. தாளில் இரண்டாவது கையெழுத்தைப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“படிக்கிறவங்க படிச்சாப் போதும்மா. உங்கள யாரு கையெழுத்துப் போடச் சொன்னது?”

பைண்டிங் பெண்கள் முன்னால், மிஷின் ஆட்கள் முன்னால் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எண்ணெய் வைத்து வாரிய வகிடு மட்டும் தெரிந்தது. நான்தான் போடச் சொன்னேன் என்று அகராதி குறுக்கே வந்தான். கமா வரவில்லை. சுவரோடு சுவராக நின்றார்.

கெட்டுப்போன வேலையின் மாதிரித் தாளைப் பெட்டியில் போட்டு வைப்பது அங்கே முறை. அந்தப் பெட்டி அக்காவின் பொறுப்பு. தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவர், ஜன்னல் பக்கம் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே தப்பவிட்டோம் என்று பார்த்தாரோ, தன் கையெழுத்தைத்தான் பார்த்தாரோ. கமா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் மேசை, தன் நாற்காலி, தன் அக்கா. எல்லாம் திரும்பிக் கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது சரியாக உட்காரவில்லை.

அக்கா வந்து தாளை அவர் முன்னால் வைத்தார். வலதுபக்க ஆக்டோபஸின் வயிற்றோரம், எட்டாவது கை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

நீலக் கடலுக்குள் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். வால் முளைத்த ஒரு பச்சைப் புள்ளி.

ஓரத்தில் குறி இல்லாததால் கீழே யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஓரத்தில் எழுதாத திருத்தம் திருத்தமே இல்லை என்பது தொழில் விதி. பென்சிலைக் காதில் செருகுவதற்கு முன்னாலேயே கை தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. வழக்கம்போல அவரைக் கேட்கவில்லை.

“இது நேத்துப் போட்டதுதானே?” என்றார் அக்கா.

நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு தாள் கீழேதான் இருந்தது. பொய் சொல்ல வழியில்லை. வழி இருந்திருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்த விரல் புள்ளியை விட்டு நகரவில்லை.

“ஆமாக்கா.”

“என் கையெழுத்து இருக்குன்னு தெரிஞ்சதாலதான் ஓடுனீங்களா?”

“ஆமா.”

“அந்தப் பையன் பேரு மட்டும் இருந்திருந்தா?”

கமா பென்சிலை மேசைமேல் வைத்தார். கீழே இயந்திரம் நின்றிருந்ததால் டம்ளர்கூட கிணுகிணுக்காமல் இருந்தது. அக்கா தாளைச் சுருட்டினார்.

“நான் எடுத்துட்டுப் போய்க் குடுக்கட்டா, இல்ல நீங்களே போறீங்களா?”

கமாதான் எடுத்துக்கொண்டு போனார். முதலாளியின் மேசையில் தாளை விரித்து, புள்ளியைக் காட்டி, நேற்றே பார்த்தேன், வேண்டுமென்றேதான் விட்டேன் என்றார். ஏன் என்று முதலாளி கேட்டார். எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆக்டோபஸில் ஆரம்பித்து லேபிள் பிரிவு வரைக்கும் சொல்லலாம். “பொறாமை சார்” என்றார் கமா. அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் வயிற்றெரிச்சல் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தார். அடங்கவில்லை.

முதலாளி தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு அக்காவையும் அகராதியையும் அழைத்தார். கமாவை லேபிளுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். தனக்காகப் பரிந்து பேசுகிறார் என்று கமா நினைத்தார்.

“இவரு இங்கயே இருக்கட்டும் சார். ஆனா பென்சில எனக்குக் குடுங்க. பதினேழு வருஷமா இவரு கண்ண நம்பிப் படிச்சேன். இனிமே நான் பாக்குறேன். இவரு படிக்கட்டும்.”

முதலாளிகள் மன்னிப்புக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக இப்படி எதையாவது கொடுத்துவிடுவார்கள். காலையில் எல்லார் முன்னாலும் வைததை நினைத்தோ என்னவோ, அவர் சரி என்றார். அகராதியையும் மேலேயே இருக்கச் சொன்னார். ஒருவர் எழுத்தைப் பார்க்கட்டும், ஒருவர் படங்களைப் பார்க்கட்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும் என்றார். அகராதி கமாவைப் பார்த்தான். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. படி இறங்கும்போது மட்டும், ஏழுதான் இருந்தது என்று எனக்கும் பட்டிருக்கணும் சார் என்றான். அவன் ஒரு தடவையாவது கெட்டவனாக நடந்துகொள்ளக் கூடாதா என்று கமாவுக்கு ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை அந்த மேசைக்கு மூன்று நாற்காலி. அக்கா ஜன்னல் பக்கம், கமாவின் பழைய இடத்தில். பச்சைப் பென்சிலைக் கமாவே சீவிக் கொடுத்தார். பக்கத்தில் அகராதி படத் தாள்களோடு. எதிரில், வெளிச்சம் குறைந்த பக்கம், கையில் பிரதியோடு கமா. அட்டையை வைத்து முட்டுக் கொடுத்த அந்த நாற்காலி இப்போது அவருக்கு. அது கொஞ்சமும் ஆடவில்லை.

படிக்க ஆரம்பித்தார். தன் குரலை அந்த அறையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் கேட்டதே இல்லை. முதல் பக்கத்தில் கமாவுக்குத் தட்ட மறந்தார். கமாவுக்கே கமா மறந்துவிட்டது என்று வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். மூன்றாம் பக்கத்தில் தொண்டை காய்ந்து குரல் பிசிறியது. அகராதி பிளாஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினான். கமா குடித்தார். வெந்நீர் பதமாகத்தான் இருந்தது.

எதிரில் இரண்டு தலைகள் ஒரே தாளின்மேல் குனிந்திருந்தன. அக்காவின் பென்சில் எழுத்துக்கு அடியில் மெதுவாக, உறுதியாக ஓடியது. இந்தக் கைக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று கமா வியந்தார். பதினேழு வருஷமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு படத்தைக் காட்டி, “இத எண்ணிட்டியா தம்பி?” என்று அக்கா கேட்டார். எண்ணிவிட்டேன் அக்கா என்றான் அவன். கமாவுக்கு மறுபடி வயிற்றில் அதே நெருப்பு, கொஞ்சமும் குறையாமல். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவோ மறைக்கவோ முடியாது. அடுத்த வரியைப் படிக்க வேண்டும்.

அடுத்த வரியில் அந்தச் சொல் இருந்தது. கமா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். ஆக்டோபஸஸ் என்று ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும்படி படித்தார். முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு தட்டினார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு சின்னச் சிரிப்பு, ஒரு பார்வை, தோற்றுப்போனவனுக்குக் கிடைக்கிற ஏதோ ஒன்று கிடைக்காதா என்று பார்த்தார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. பென்சில் அந்தச் சொல்லின் அடியில் போய் நின்று, சரி பார்த்து, நகர்ந்தது.

“ம், மேல படிங்க சார்” என்றார்.

கமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தார்.